ஒப்படைக்காத வீட்டுப்பாடம்

அத்தியாயம் பன்னிரண்டு

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்ம்மா."

தினமும் காலையில் லோகேஸ்வரி கேட்கும் கேள்வி. தினமும் தாமரை சொல்லும் பதில். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும், பதிலைக் கேட்ட பிறகும் லோகேஸ்வரி நகரவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

தாமரை கண்ணாடி முன்னால் நின்று பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். பதினாறு வயது. நான்காம் படிவ வகுப்பு. நீலப் பினாஃபோர் சீருடை தோளில் கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. எல்லாப் பாடமும் முடிச்சியா?"

"எல்லாம் முடிச்சேன்."

லோகேஸ்வரி தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்காமலே பால் பாத்திரத்தை ஏற்றிவைத்தாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

நேற்று மாலை, அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் தொலைபேசியில் அந்த அழைப்பு வந்தது. தாமரையின் பள்ளியிலிருந்து ரமணி டீச்சர். "பதினொரு வீட்டுப்பாடம் வரலைம்மா. நாளைக்கு ரெண்டரை மணிக்கு ஒரு தடவ வந்துட்டுப் போக முடியுமா?" என்றார். காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "வரேன் டீச்சர்" என்று மட்டும்தான் லோகேஸ்வரியால் சொல்ல முடிந்தது.

பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலையில் ஒரு 'முடிச்சிட்டேன்ம்மா.'

இந்த வீட்டில் அவளிடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன முதல் ஆள் தாமரை இல்லை.

கணவன் சுகுமாறன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெட்டாலிங் ஜெயாவில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டதை ஏழு மாதம் வீட்டில் சொல்லாமல் இருந்தான். தினமும் சீருடை மாட்டிக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரத்தோடு கிளம்பினான். மாலையில் களைத்துப்போனவன் போலத் திரும்பினான். உண்மை தெரிந்த அன்று லோகேஸ்வரி கத்தவில்லை. "இனிமே நீங்க எதுவும் சொல்ல வேணாம். எனக்கும் வேணாம், என் மகளுக்கும் வேணாம்" என்றாள்.

அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். அந்த வாரமே ஜெஞ்சாரோமில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல் கிடையாது.

முதல் மூன்று மாதம், ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் அவனாக இருக்குமோ என்று அவள் முதலில் எண்ணைப் பார்த்தாள். அது யாருக்கும் தெரியாது.

இரண்டே காலுக்குக் கிளினிக்கில் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்கள் வழியே பள்ளி பத்து நிமிட நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. காவலாளியிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனபோது மற்றப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

நூலகத்தின் பின்பாதியில்தான் வீட்டுப்பாட அறை. திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் நாலரை மணி வரை திறந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் இல்லாதவர்கள், சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள், இன்டர்நெட் இல்லாதவர்கள் அங்கே வரலாம். இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். மேல் படிவத்துப் பிள்ளைகள் கீழ்ப் படிவத்துக்கு உதவுவார்கள். சுவரில் மலாய் மொழியில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது: கேள்வி புரியவில்லையா, கையைத் தூக்கு. விடை மட்டும் வேண்டுமா, தூக்காதே.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாமரை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முக்காடிட்ட ஒரு சின்னப் பெண், முதலாம் படிவமாக இருக்க வேண்டும். தாமரை பென்சிலால் ஏதோ வட்டம் போட்டு அதைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண் யோசித்து, தானாக ஒன்றை எழுதினாள். தாமரை அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"அது நிலோபர்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரமணி டீச்சர். ஐம்பதை நெருங்கும் வயது, கணக்கு ஆசிரியை. பள்ளியின் வீட்டுப்பாடப் பொறுப்பும் அவருடையதுதான். "வந்த புதுசுல பின்னம்னாலே அழுவா. இப்ப தாமரை வராத நாள்ல அக்கா எங்கன்னு என்னைக் கேக்குறா. உள்ள வாங்கம்மா."

சின்ன அறை. மேசை நிறைய நோட்டுகள்.

"முதல்லயே சொல்லிர்றேன். உங்க மக சோம்பேறி கிடையாது."

"பதினொண்ணு வரலைன்னு சொன்னீங்களே டீச்சர்."

"வரலை. ஆனா செய்யாம இல்ல."

டீச்சர் மூன்று நோட்டுகளை அவள் பக்கம் தள்ளினார். "காலையில அவகிட்ட வாங்கினேன். பாருங்க."

லோகேஸ்வரி புரட்டினாள். கணக்கு, வேதியியல், வரலாறு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. ஒவ்வொன்றும் கடைசி வரி வரை எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தது. ஒன்றுகூட அரைகுறையாக இல்லை.

"எல்லாம் நேரத்துக்குள்ள முடிச்சிருக்கா. அனுப்பல, அவ்வளவுதான்."

"எனக்குப் புரியல டீச்சர்."

"சொல்றேன். முன்னாடியெல்லாம் ஒரே நாள்ல நாலஞ்சு பேர் வீட்டுப்பாடம் கொடுத்துருவோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. பிள்ளைங்க தூங்காம எழுதிட்டு வந்து வகுப்புல தூங்கும். இந்த வருஷம் அட்டவணை போட்டோம். ஒரு நாளைக்கு ரெண்டு பாடம்தான். செஞ்சு முடிச்சு, படம் எடுத்து, மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போன்ல இதுல ஏத்தணும்." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஏத்திட்டா, பெற்றோர் போனுக்கு ஒரு பச்சை டிக் போகும். ஏத்தலைன்னா ஒரு பெட்டி திறக்கும். ஏன் வரலைன்னு பெற்றோர் அதுல எழுதணும். பிள்ளையும் பதில் எழுதலாம். வீட்டுல பேசிக்கட்டும்னுதான் அப்படி வச்சோம்."

"எனக்கு இதுவரைக்கும் எதுவுமே வந்ததில்லையே."

"உங்களுக்கு வராதும்மா. பதிவுல இருக்கிறது வேற நம்பர். முதலாம் படிவத்துல சேர்த்தப்ப கொடுத்த நம்பர்."

லோகேஸ்வரிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சேர்க்கைப் படிவத்தை மேசையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, பெரிய எழுத்தில் நிரப்பியது சுகுமாறன்தான்.

"நம்பர் மாறியிருந்தா மாத்த எல்லாருக்கும் ரெண்டு தடவ படிவம் கொடுத்தனுப்பினோம். திரும்பி வரல," என்றார் டீச்சர். "பெட்டியில எழுதுறது நீங்கதான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டேன். போன வாரம்தான் உட்கார்ந்து முழுசா படிச்சேன். படிச்சிருக்கக் கூடாதோ என்னவோ. நீங்க படிக்கணும்."

அவர் எழுந்து, தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

முதல் பெட்டி ஏப்ரலில் திறந்திருந்தது.

'தாமரை, கணக்கு வரலைன்னு செய்தி வந்திருக்கு. உடம்பு சரியில்லையா? இப்படிக்கு அப்பா, சுகுமாறன்.'

'வயிறு வலிச்சுச்சுப்பா. இப்ப பரவால்ல.'

'வெந்நீர் குடி. டீச்சர்கிட்ட சொல்லிட்டு அனுப்பிடு. இப்படிக்கு அப்பா, சுகுமாறன்.'

அடுத்தது பத்து நாள் கழித்து. அதற்கடுத்தது ஒரு வாரத்தில்.

'பிரிக்ஃபீல்ட்ஸ்ல மழையா? இங்க மூணு நாளா விடல. ஷூ காயலைன்னா உள்ள பேப்பர் அடைச்சு வை. வரலாறு அனுப்பிடு.'

'வேதியியல் எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா தப்பாயிடும். டீச்சரைக் கேளு.'

'போன் போடாதே. நேத்து நீ கூப்பிட்டப்ப நான் போனை வச்சதுக்குக் கோவிச்சுக்காதே. அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க. அம்மாவுக்குத் தெரியாம நான் எதுவும் செய்ய மாட்டேன். இது பள்ளிக்கூடம் கேக்குற கேள்வி, அதனால பதில் எழுதுறேன்.'

லோகேஸ்வரி ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

'அம்மா நல்லா இருக்காங்களா?'

'இருக்காங்க. கண்ணாடி மாத்தியிருக்காங்க.'

அதற்குப் பதில் இல்லை. பெட்டி அப்படியே நின்றிருந்தது. ஒன்பது நாள் கழித்து அடுத்த பெட்டி. முதல் வரி: 'தமிழ் ஏன் வரலை?' அதற்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டாவது வரி.

'என்ன கலர் கண்ணாடி?'

அவள் கை தன்னையறியாமல் மூக்குக் கண்ணாடியைத் தொட்டது. இரண்டு வருடத்தில் அவளுடைய கண்ணாடி என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்பது இந்த நிமிடம்வரை அவளுக்குத் தோன்றவும் இல்லை.

டீச்சர் தண்ணீர்க் குவளையோடு திரும்பினார். லோகேஸ்வரி குடித்து முடித்த பிறகு சொன்னார்.

"நேத்து முதல்ல அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். உடனே எடுத்தாரு. பதினொண்ணு ஆயிடுச்சு, நேர்ல வாங்கன்னேன். தண்ணிக் குழாயை மூடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், 'நான் வந்தா சரியா இருக்காது டீச்சர், அவங்க அம்மாவைக் கூப்பிடுங்க, அவங்கதான் வளர்க்குறாங்க'ன்னு சொல்லி, உங்க கிளினிக் நம்பரை மனப்பாடமாச் சொன்னாரு."

லோகேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"விஷயத்துக்கு வரேன்," என்றார் டீச்சர், குரலை மாற்றிக்கொண்டு. "சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு முப்பது பேர் பட்டியல். அதுக்கு தாமரை ஆறு மாசமா ஆசைப்பட்டுக்கிட்டு இருக்கா. பத்துக்கு மேல விட்டவங்க பேரை எடுத்துரணும்னு விதி. நான் போட்ட விதிதான், நானே உடைக்க முடியாது. பட்டியல் நாளைக்குச் சாயங்காலம் போகுது. அதுக்குள்ள விட்டதெல்லாம் ஏத்திட்டா, தாமதம்னு எழுதி ஏத்துக்குவேன்."

"இன்னைக்கே ஏத்தச் சொல்றேன்."

"ஏத்திடுவா. ஆனா அடுத்த மாசம் மறுபடியும் பெட்டி திறக்கும் இல்லையா? அதுக்கு இது." ஒரு படிவத்தை நீட்டினார். "பெற்றோர் நம்பர் மாத்துற படிவம். நீங்க கையெழுத்துப் போட்டா இனி எல்லாம் உங்க போனுக்கு வரும்."

"அவர் நம்பர்?"

"போயிடும். ஒருத்தர் கையெழுத்துல ஒண்ணுதான் ஏறும். ரெண்டும் இருக்கணும்னா, ரெண்டு பேரும் என் முன்னாடி வந்து கையெழுத்துப் போடணும். நாளைக்கு ரெண்டரைக்கு நான் இருப்பேன்."

"நான் மட்டும் போட்டாலே போதுமில்ல?"

"போதும்மா."

லோகேஸ்வரி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பிறகு மறுபடி மூடி, படிவத்தை இரண்டாக மடித்து, மூன்று நோட்டுகளோடும் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"தாமரையை இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமா கூட்டிட்டுப் போலாமா டீச்சர்?"

அம்மாவை வாசலில் பார்த்ததும் தாமரையின் முகம் வெளுத்தது. நிலோபர், "அக்கா, இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு" என்று பையைப் பிடித்து இழுத்தாள். "வியாழக்கிழமை பார்க்கலாம்டா" என்று தாமரை சொன்னபோது, வியாழக்கிழமை தனக்கு இங்கே இடம் இருக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இருவரும் வெயிலில் நடந்தார்கள். மோனோரயில் பாதையின் நிழலில் ஒரு பஸ் நிறுத்தம் காலியாக இருந்தது. லோகேஸ்வரி உட்கார்ந்தாள். தாமரை நின்றாள்.

"உட்காரு."

உட்கார்ந்தாள்.

"முடிச்சிட்டேன், முடிச்சிட்டேன்னு தினமும் சொன்னியே."

"முடிச்சேன்ம்மா. அனுப்பல. நீங்க முடிச்சியான்னுதானே கேட்டீங்க."

"வாய் பேசாத."

தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏழு மாசம் உங்க அப்பா இப்படித்தான் என் மூஞ்சியைப் பார்த்து," என்று ஆரம்பித்த லோகேஸ்வரி அதை முடிக்காமல் விட்டாள். "நம்ம வீட்டுல இன்னொரு தடவ அது நடக்காதுன்னு நினைச்சிருந்தேன்."

"தப்புதான்ம்மா." தாமரையின் கண்ணீர் பினாஃபோரில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. "முதல் தடவ நிசமாவே வயிறு வலி. மறுநாளும் அனுப்ப மறந்துட்டேன். அஞ்சு மணி தாண்டிடுச்சேன்னு திறந்து பார்த்தா அப்பா எழுதியிருக்காரு. அவர் பேரோட. நான் எத்தனை தடவ படிச்சேன்னு எனக்கே தெரியல."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் எல்லாத்தையும் ஒழுங்கா அனுப்பினேன். டிக் மட்டும்தான் போச்சு. அப்பா பார்த்தாருன்னு காட்டுச்சு. எதுவும் எழுதல. ஒழுங்கா இருந்தா எழுதுறதுக்கு இடமே இல்லம்மா அதுல."

ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இவர்களைப் பார்த்தார். லோகேஸ்வரி கையை அசைத்ததும் போய்விட்டது.

"அதனால செஞ்சு முடிச்சிட்டு, அந்தப் பட்டனை அமுக்காம உட்கார்ந்திருப்பேன். அஞ்சு மணிக்குப் பெட்டி திறக்கும். அஞ்சு பத்துக்குள்ள அப்பா எழுதிடுவாரு. போனைக் கையிலயே வச்சிருப்பாரு போல."

"அப்பாகூடப் பேசணும்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொல்லியிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

லோகேஸ்வரி மடியில் இருந்த கைப்பையின் வாரைத் திருகினாள். உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதை மகளிடம் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"அப்பா இப்ப பொய் சொல்றதே இல்லம்மா," என்றாள் தாமரை மெதுவாக. "தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுறாரு. ஒரு தடவகூட அனுப்பாம இருன்னு சொன்னதில்ல. ஒவ்வொரு தடவையும் அனுப்பிடு, அனுப்பிடுன்னுதான் எழுதுவாரு."

"பார்த்தேன்," என்றாள் லோகேஸ்வரி.

தாமரை சட்டென்று நிமிர்ந்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கண்ணாடியும்?"

லோகேஸ்வரி எழுந்துகொண்டாள். "வா, வீட்டுக்குப் போகலாம். அனுப்ப வேண்டியது நிறைய இருக்கு."

ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளை விரித்தார்கள். லோகேஸ்வரி பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, தாமரை போனில் படம் எடுத்தாள். முதல் கணக்குப் பாடத்தை ஏற்றிவிட்டு, கடைசிப் பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"இதை அமுக்கினா பெட்டி மூடிடும்மா. உள்ள எழுதினதெல்லாம் போயிடும்."

"படம் எடுத்து வச்சுக்க."

"எடுத்து வச்சிருக்கேன்."

"பின்ன என்ன?"

"வச்சிருந்தாலும் பெட்டி இருக்காதில்ல."

லோகேஸ்வரி நோட்டைக் கீழே வைத்தாள். மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாமரை கண்ணை மூடி அமுக்கினாள். பச்சை டிக் விழுந்தது. இரண்டாவதை அமுக்கும்போது கண்ணைத் திறந்திருந்தாள். வேதியியல், வரலாறு, மறுபடி கணக்கு. பத்தும் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஆகியிருந்தது. கடைசியாகத் தமிழ்க் கட்டுரை ஒன்று மட்டும் மேசையில் இருந்தது.

"இதையும் அனுப்பவா?"

"இரு," என்றாள் லோகேஸ்வரி. "அந்தப் பெட்டி இன்னும் திறந்துதான் இருக்கா?"

"இருக்கு."

"நீ எழுதுற இடத்துல நான் எழுதினா அவருக்குப் போகுமா?"

தாமரை அம்மாவைப் பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள்.

லோகேஸ்வரி ஜன்னல் ஓரமாகப் போய் நின்று தட்டினாள். நிறுத்தினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். ஒரு கையெழுத்துக்குக் கூப்பிடுவதற்கு நான்கு வார்த்தை போதும். அம்மா அதைத் தாண்டி எழுதிக்கொண்டிருப்பது தாமரைக்குத் தெரிந்தது. என்ன எழுதுகிறாள் என்று எட்டிப்பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஜெஞ்சாரோமில் சுகுமாறன் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, நாற்றுப் பைகளின் வரிசைக்கு நடுவில் நின்றிருந்தான்.

சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போன் அரை மணி நேரமாக அதிர்ந்துகொண்டே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். கணக்கு, ஒப்படைக்கப்பட்டது. வேதியியல், ஒப்படைக்கப்பட்டது. வரலாறு, ஒப்படைக்கப்பட்டது. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பத்து.

டீச்சர் சொல்லியிருப்பார். லோகேஸ்வரி போயிருப்பாள். இதைத்தான் அவனும் ஒவ்வொரு பெட்டியிலும் கேட்டுக்கொண்டிருந்தான். அனுப்பிடு, அனுப்பிடு என்று. மகள் அனுப்பிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எந்தப் பெட்டியும் இல்லை. வயிறு வலி இல்லை, மழை இல்லை, ஷூ இல்லை. பத்துப் பச்சை டிக். அடுத்த பெட்டி திறக்கும்போது என்ன எழுதலாம் என்று, நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவன் மனதுக்குள் வரிகளை அடுக்குவது வழக்கம். நேற்றுகூட ஒன்றை யோசித்து வைத்திருந்தான். இனி அதற்கு இடம் இருக்காது.

சுகுமாறன் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தான்.

தமிழ்க் கட்டுரை ஒன்று மட்டும் மீதம் இருந்தது. அதுவும் மூடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் திறந்தான். உள்ளே புதிதாக எழுத்து இருந்தது.

'லோகேஸ்வரி எழுதுறேன். நாளைக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்கு தாமரை ஸ்கூல்ல ரெண்டு பேரும் ஒரு கையெழுத்து போடணும். போட்டாதான் உங்க நம்பர் அதுல இருக்கும். தாமரை பக்கத்துலதான் இருக்கா. நான் எழுதுறது அவளுக்குத் தெரியும்.'

படித்தான். மறுபடி படித்தான். விரல் பட்டு எழுத்து மேலே நகர்ந்தபோதுதான், கீழே இன்னொரு வரி இருப்பது தெரிந்தது.

'சாப்பிட்டுட்டு வருவீங்களா, இங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுவீங்களா?'

தூரத்தில் பண்ணை முதலாளியான தவுக்கே லோரியில் நாற்றுகளை ஏற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். சுகுமாறன் எழுந்து அவரிடம் நடந்தான். நாளைக்கு மத்தியானம் லீவு வேண்டும் என்று மலாயில் கேட்டான்.

"ஏன்?"

"மக ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க, boss."

இரண்டு வருடமாக அந்தப் பண்ணையில் அவன் மகள் என்ற சொல்லைச் சொன்னதில்லை. தவுக்கே அவனை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் மேரு என்ற ஊருக்கு நீதான் லோடு ஓட்டிப் போக வேண்டும், வேறு ஓட்டுநர் கிடையாது, பன்னிரண்டுக்குள் இறக்கி முடித்தால் அங்கிருந்தே போய்க்கொள் என்றார். மேருவில் எப்போது இறக்கி முடிப்பார்கள் என்பது யார் கையிலும் இல்லை. சுகுமாறன் சரி என்று தலையாட்டினான்.

லோரியின் மறைவில் நின்றுகொண்டு எழுதினான். 'வரேன்.' எப்போதும் போடும் இப்படிக்கு, பெயர், எதையும் போடாமல் அனுப்பினான். உடனே போய்விட்டது.

இரண்டாவது கேள்விக்கு எழுத ஆரம்பித்தான். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றால் அது பொய். லோரியை விட்டு இறங்கிச் சாப்பிட அவனுக்கு நேரமே இருக்காது. அங்கே வந்து சாப்பிடுகிறேன் என்று எழுத அவன் யார்? விரல் எழுத்துகளின் மேல் நின்றது. தவுக்கே மறுபடி கூப்பிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில், தாமரையின் கையில் போன் அதிர்ந்தது.

"அம்மா. வரேன்னு எழுதிட்டாரு."

லோகேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. வரேன் மட்டும்தான்."

"இன்னொண்ணு கேட்டிருந்தேனே."

தாமரை அப்போதுதான் அம்மா எழுதியதை முழுவதும் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவளுக்கு உதடு துடித்தது. குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அதுக்கு இன்னும் எழுதலம்மா."

"சரி. எழுதும்போது எழுதட்டும்." லோகேஸ்வரி துணிகளை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது.

தாமரை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இப்ப? எழுதினாரா?"